மூன்றாம் ஜன்னல்

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. பேச்சில் 'சார்' மட்டும் அதிகமாகும். அன்று ஆதர்ஷிடம் வாய்க்கு வாய் சார் போட்டேன்.

செம்பூரில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் நிர்வாகி. நான் பத்மஜா, மருந்தகப் பொறுப்பு என்னுடையது. மூன்றாம் ஜன்னலில் மருந்து கொடுக்கும் பரீஹாவை அன்று சாயங்காலத்துக்குள் வேலையை விட்டு அனுப்பிவிடுவதென்று அவர் முடிவு செய்திருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. தாராவி அக்தர் பானுவின் கவரில் பிரஷர் மாத்திரைக்குப் பதில் பக்கத்து வீட்டு மதீனா பீவியின் சர்க்கரை மாத்திரை போய்விட்டது. அதைச் சாப்பிட்டு, சர்க்கரை இறங்கி, அடுப்படியிலேயே மயங்கி விழுந்தவரை எங்களிடமே தூக்கி வந்தார்கள். நல்லவேளை, பிழைத்துவிட்டார். தப்பு பரீஹாவுடையதுதான். அவளே சொல்லி அழுதாள்.

"நடக்கிற மிஸ்டேக் எல்லாம் மூணாம் ஜன்னல்லதான் நடக்கறது, மேடம். பக்கத்து ஜன்னல்ல ஏன் நடக்கலை? அந்தப் பொண்ணு கேர்லெஸ், அவ்வளவுதான்" என்றார் ஆதர்ஷ்.

"சரி சார். அவளை அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஜன்னல்ல நீங்க கொஞ்ச நேரம் உக்காருங்கோ சார். மருந்தை நான் எடுத்துத் தரேன் சார். சீட்டைப் பார்த்துக் கவர்ல போடுங்கோ, போதும். நான் பாக்காம எதுவும் வெளில போகாது சார்."

அவர் சிரித்தார். மாட்டுங்காவில் வளர்ந்தவர், கணக்கில் புலி. கவர் போடுவது என்ன பிரமாத வித்தை என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் தமிழில் ஏதோ கேட்க, இவரும் தமிழில் பதில் சொன்னார். வந்தது வினை.

"ஏ, எல்லாரும் இங்கன வாங்க! இந்த சாரும் தமிழ்தான்!"

கண் மூடித் திறப்பதற்குள் மற்ற இரண்டு ஜன்னல்களும் காலி. எங்கள் தாராவி ஜனங்கள் குர்லா மார்க்கெட்டில் இந்தியில் சண்டையே போடுவார்கள். ஆனால் உடம்புக்கு ஒன்றென்றால் தமிழில்தான் கேட்க வேண்டும் அவர்களுக்கு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான். எங்கள் ஜன்னல்களில் தமிழ் தெரிந்தவள் பரீஹா ஒருத்திதான்.

"எக்ஸ்ரே எங்கன எடுக்காவ சார்?"

"டாக்டர் என்னமோ சொன்னாவ, ஒண்ணும் வெளங்கல. நீங்க சொல்லுங்க."

"இந்த மாத்திர திங்கும்போது மீன் திங்கலாமா?"

ஒருவர் போனையே உள்ளே நீட்டிவிட்டார். "மவன் அம்பர்நாத்துல இருந்து பேசுதான். நல்லாருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

ஒவ்வொரு கேள்விக்கும் ஆதர்ஷின் கை நின்றது. நின்ற கை எங்கே விட்டது என்று தேடியது. நெற்றியில் வேர்வை. எனக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

அப்போதுதான் மதீனா பீவி வந்தார், கை நிறையச் சீட்டுகளோடு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் சந்தில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து மருந்து வாங்கி வருவது அவர்கள் வழக்கம். யார் சீட்டையும் வாங்காமல் கிளம்பினால் அக்கம்பக்கத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அன்றைக்கு டிஸ்சார்ஜ் ஆகிப் பெஞ்சில் சாய்ந்திருந்த அக்தர் பானுவின் சீட்டும் அதில் இருந்தது.

"ஜல்தி குடுங்க சார், அவளால ரொம்ப நேரம் உக்கார முடியாது."

நான் மருந்துகளை எடுத்து வைத்தேன். ஆதர்ஷ் கவர்களை வரிசையாகப் பரப்பிப் போட ஆரம்பித்தார். நடுவில் ஒருவர் லிஃப்ட் எங்கே என்றார். இவர் கையைக் காட்டி வழி சொன்னார். பிறகு போட்டு முடித்து, மடித்து, பின் குத்தி, எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளினார்.

ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒரு கவரைப் பிரித்ததும் அதை அப்படியே அவர் பக்கம் திருப்பினேன்.

"இது யாரோட கவர்னு பாருங்கோ" என்றேன். சார் போடத் தோன்றவில்லை.

அக்தர் பானு என்று எழுதியிருந்தது. உள்ளே சர்க்கரை மாத்திரை. மறுபடியும்.

ஆதர்ஷுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெஞ்சைப் பார்த்தார். அக்தர் பானு ஒன்றும் தெரியாமல் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"இங்க ரெண்டு பேர் வேணும். பேச ஒருத்தர், மருந்து போட ஒருத்தர். ஒரு சீட்டு முடிஞ்சு கவரை மூடினப்பறம்தான் அடுத்த சீட்டைத் தொடணும். போடறதுக்கு பரீஹா இருக்கா."

"இன்னிக்கே பண்ணிடலாம்" என்று எழுந்துபோனவர் பரீஹாவைத் தானே கூட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் நான் கவர்களைக் காலி செய்து, சீட்டுகளை மதீனா பீவியிடமே திருப்பிக் கொடுத்திருந்தேன்.

அவள் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. வரிசையில் கசமுசாவென்று பேச்சு. "இந்தப் புள்ளதானே அன்னிக்கு மாத்திக் குடுத்துச்சு?" என்றது ஒரு குரல்.

அக்தர் பானு பெஞ்சிலிருந்து எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, மதீனா பீவியை நகர்த்திவிட்டு, தன் சீட்டை மட்டும் உருவி உள்ளே நீட்டினார். பிறகு வரிசையைத் திரும்பிப் பார்த்து அதட்டினார்.

"எல்லாரும் செத்த வாய மூடுங்க. புள்ள எனக்கு மருந்து எண்ணுதா."

சத்தம் அடங்கியது. பரீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள்.