ஊரப்பாக்கத்து ரவுட்டர்

திங்கட்கிழமை காலையில் பவானி வேலையில் சேர வேண்டும். மருத்துவமனை பில்களைச் சரிபார்க்கும் கம்பெனி. வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் போன் நெட்டில் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். கோவளம் குப்பத்து வீட்டில் போன் சிக்னலும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வராது. அதனால் ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு ரவுட்டரும் லேப்டாப்புமாக வாசலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

கேபிள்காரர் உலகநாதன் காலையிலேயே லைன் இழுத்து, சுவரில் சின்னப் பெட்டியை மாட்டி, அதில் பச்சை விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். ரவுட்டர் பவானி கொண்டுவந்தது. ஊரப்பாக்கத்தில் அப்பா வீட்டில் சும்மா கிடந்ததை, அம்மா அவருக்குத் தெரியாமல் பையில் போட்டுக் கொடுத்திருந்தாள். அப்பா சுப்புராமன் மகளோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கடலுக்குப் போகிற லோகுவைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொன்ன அன்று, “அந்தக் குப்பத்துல உக்காந்து நீ என்ன வேலை பாத்துடப் போற?” என்று கேட்டதோடு சரி.

ரவுட்டருக்குக் கரண்ட் கொடுத்ததும் லேப்டாப் பழைய வைஃபையைத் தானாகவே பிடித்துக்கொண்டது. நெட் மட்டும் வரவில்லை. உள்ளே பழைய நெட் கம்பெனியின் விவரம் இருந்தது. அதை மாற்றப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. அவளுக்குத் தெரிந்த எதுவும் செல்லவில்லை. உலகநாதனைப் போனில் கூப்பிட்டாள்.

“ரீசெட் பண்ணா அடியில ஸ்டிக்கர்ல கீற பாஸ்வேர்டுதாம்மா கேக்கும். ஸ்டிக்கர் கீதா?”

ஸ்டிக்கர் இருந்தது. எழுத்துதான் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது.

“அப்ப அதுல கை வெக்காத. யாரு செட் பண்ணாங்களோ அவங்களையே கேளு.”

லோகு பக்கத்தில் வந்து குந்தினான். “வுடு பவானி. நாளைக்குக் கடை தொறந்ததும் புதுசா வாங்கினு வந்துர்றேன்.”

“கடை தொறக்கறதுக்குள்ள நான் லாகின் பண்ணியாகணும்.”

“அப்ப உங்க நைனாவ கேக்கப் போறியா?”

“கேக்கறேன்.”

அம்மாவின் நம்பர் வரை போன விரலை இழுத்து, அப்பாவின் நம்பரையே தொட்டாள்.

“அப்பா, பவானி பேசறேன். நம்ம பழைய ரவுட்டரோட அட்மின் பாஸ்வேர்டு என்ன?”

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. “அது எப்படி அங்க வந்துச்சு?”

“நான்தான் அம்மாகிட்ட கேட்டு வாங்கினேன்.”

“ஞாபகம் இல்ல. இங்க எடுத்துட்டு வா, பாத்துத் தரேன்.”

“நேரம் இல்லப்பா. காலைல வேலைல சேரணும். என்னென்ன வச்சிருப்பீங்கன்னு சொல்லுங்க, ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கறேன்.”

“என்ன வேலை?”

சொன்னாள்.  அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். எதற்கும் திறக்காமல், கடைசியில் ரவுட்டர் பூட்டிக்கொண்டு சிறிது பொறுக்கச் சொன்னது. இருவருமே போனை வைக்கவில்லை.

“பின்னால என்ன சத்தம், கடலா?”

“ஆமாம்பா.”

பூட்டு விட்டதும் அவர் தயங்கியபடி சொன்னார். “பழைய ஸ்கூட்டர் நம்பரா இருக்கலாம். டிஎன் இருபத்தொண்ணு… மிச்சம் வரமாட்டேங்குது.”

பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அவள் ஏறிய ஸ்கூட்டர் அது. மிச்சத்தை அவளே அடித்தாள். பக்கம் திறந்தது.

புது லைனுக்கென்று உலகநாதன் அனுப்பியிருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டாள். முதல் தடவை ஏற்கவில்லை. ஒரு பெரிய எழுத்தைச் சின்னதாக அடித்திருந்தாள். திருத்திப் போட்டதும் ரவுட்டரில் எரிந்த சிவப்பு விளக்கு பச்சையானது.

“வந்துடுச்சுப்பா.”

“அந்த பாஸ்வேர்டை மாத்திடு. நிறைய பேருக்குத் தெரிஞ்ச நம்பர்,” என்று மட்டும் சொல்லி அவர் போனை வைத்தார்.

மறுநாள் லோகு கடலுக்குப் போன பிறகு, பவானி உள்ளறையில் உட்கார்ந்து லாகின் செய்தாள். முதல் பில் திரையில் விரிந்தது. நாலைந்து பில் முடிந்திருக்கும்போது அப்பாவின் நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது: ‘ஸ்பீடு எவ்வளவு வருது?’

அளந்து பார்த்து அனுப்பிவிட்டு, அடுத்த பில்லைத் திறந்தாள்.