கண்ணுக்கு நேரே பிடித்த பனியன்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சிவபிரகாஷின் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷம், பழுது பார்த்துக் கழிக்கும் செக்கிங் மேசையை ஆண்டவர் அவனுடைய அண்ணன் கிட்டுசாமி. அவர் பார்த்துவிட்ட பனியன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. தம்பி முதலாளி, அண்ணன் செக்கர். அதில் அவருக்கு மனத்தாங்கல் எதுவும் இருந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரையில் அடுத்தடுத்து இரண்டு லாட் சரக்கு திரும்பி வந்தது. எண்ணெய்க் கறையும் ஊசி ஓட்டையும் பல்லிளித்தன. சிவபிரகாஷ் போய்ப் பார்த்தால், அண்ணன் கழுத்தை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறார், கை மட்டும் மேசைமேல் பனியனைப் புரட்டுகிறது. அவனுக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு பனியனை உருவி அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இதுல என்னங்ணா இருக்குது?"

"இடது கைக்குக் கீழ தையல் விட்டிருக்குது," என்றார் கிட்டுசாமி, உடனே.

"அப்ப கண்ணு நல்லாத்தான் தெரியுது. மேசையைப் பாக்கத்தான் மனசு வல்லீங்களா? தம்பி கம்பெனிதானேன்னு ஏமாத்தறீங்க."

நாற்பது பேர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மறுநாள் அண்ணன் வேலைக்கு வரவில்லை. சிவபிரகாஷும் வீராப்பாகக் கூப்பிடாமல் இருந்துகொண்டான்.

அப்புறம் அவர் நடந்துகொண்டிருக்கும்போதே மல்லாக்க விழ ஆரம்பித்தார். குடியென்று ஊர் முடிவு கட்டியது. நடுக்குவாதமென்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். வருஷம் ஓடியது, மாத்திரை கூடியது, இம்மியளவும் குணமில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் அண்ணி ஜெயபாரதி போன் செய்தாள். சிவபிரகாஷ் அவரைக் கோயம்புத்தூரில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான்.

அந்த அம்மாள் ஒரு பேனாவைக் கிட்டுசாமியின் கண்ணுக்கு நேரே பிடித்தார். பக்கவாட்டில் நகர்த்தியபோது விழிகள் கூடவே போயின. கீழே இறக்கியபோது இறங்கவில்லை. பிறகு, பேனாவையே பார்க்கச் சொல்லி, அவர் தலையை இரு கையாலும் பிடித்து மெல்லப் பின்னால் சாய்த்தார். இப்போது விழிகள் தாமாகக் கீழே இறங்கின.

"கண்ணு நல்லா இருக்கு. கீழே பார்னு மூளை போடற உத்தரவுதான் போய்ச் சேரல. நேரா பிடிச்சா எல்லாம் தெரியும். தட்டு தெரியாது, படி தெரியாது. நடுக்குவாதம்னா பெரும்பாலும் கை நடுங்கும், உடம்பு முன்னால வளையும், மாத்திரைக்குக் கேட்கும். இவர் ஆரம்பத்துலயே பின்னால விழுந்திருக்கார், கழுத்து விறைச்சு நிக்குது. இது பி.எஸ்.பி.ன்னு வேற நோய்."

"முன்னாலயே வந்திருந்தா குணமாயிருக்குங்களா?"

"குணமாக்க மருந்து இல்லைங்க. ஆனா விழாம பாத்துக்கிட்டிருக்கலாம்."

சிவபிரகாஷுக்கு அந்த அறையில் இருக்கவே கூசியது. டாக்டர் செய்த சோதனையை இரண்டு வருஷம் முன்பே அவன் செய்திருக்கிறான். நாற்பது பேர் முன்னால் செய்து, நோயைத் திமிரென்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறான்.

வெளியே வராந்தாவில், சக்கர நாற்காலியில் இருந்த அண்ணனின் காலைப் பிடித்தான். "தப்புப் பண்ணிப்போட்டனுங்ணா."

கிட்டுசாமி எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி, "சிவா, எங்க இருக்கறே?" என்றார்.

அவன் எழுந்து முகத்துக்கு நேரே வந்து மறுபடி சொன்னான். இப்போதெல்லாம் அண்ணனுக்கு ஒரு வார்த்தை வெளியே வர வெகு நேரம் பிடிக்கும். அவன் காத்து நின்றான்.

"நீ சொன்னப்பறம்..." என்றார் அவர். "நான் ஏமாத்தறேன்னுதான் நானும்... நெனச்சுட்டு இருந்தேன்."