பட்டியலில் இல்லாத ஐஸ்

பத்து வருஷமாக நிவாரணக் கிடங்கில் சரக்குப் பட்டியல் எழுதுகிறேன். என் பட்டியலில் ஒரு குண்டூசி விட்டுப்போயிருந்தாலும் காதை அறுத்துக்கொள்கிறேன் என்று திமிராகச் சொல்லித் திரிந்தவள் நான். அந்தத் திமிருக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

சண்டை நடக்கும் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு மாதமாக ஒரு லாரியும் போகவில்லை. அங்கேதான் என் அக்கா மாட்டிக்கொண்டிருக்கிறாள். சர்க்கரை வியாதிக்காரி; பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். இரண்டு நாளுக்குத்தான் மருந்து இருக்கிறது என்று போனில் சொன்னாள். மறுநாளே எங்கள் லாரி ஒன்றுக்கு அனுமதி வந்தது. குளிர்ப்பெட்டியில் இன்சுலின் குப்பிகளை நானே அடுக்கி, சூட்டில் கெட்டுவிடாமல் சுற்றிலும் ஐஸ் பைகளை வைத்து மூடினேன்.

டிரைவரை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓட்டும் வேகத்துக்கு ஆமையே ஹாரன் அடிக்கும். அன்று மட்டும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பத்தரை மணிக்குச் சோதனைச்சாவடியிலிருந்து அவர் போன் வந்தது.

"தங்கச்சி, பெட்டியைத் திறந்துட்டாங்க. ஐஸ் பை லிஸ்ட்ல இல்லையாம். இறக்கச் சொல்றாங்க."

பெட்டியை எழுதியிருந்தேன், குப்பியை எழுதியிருந்தேன், ஊசியையும் எழுதியிருந்தேன். ஐஸை எழுதவில்லை. எந்தக் கிடங்குக்காரி ஐஸைச் சரக்கு என்று எழுதுவாள்? வாழைப்பழத்தை எழுதுகிறவள் தோலைத் தனியாக எழுதுவாளா?

அதிகாரியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"சார், அது வெறும் தண்ணி சார். உறைய வச்ச தண்ணி."

"தண்ணின்னா அங்கயும் கிடைக்கும்லம்மா. லிஸ்ட்ல இல்லாதது உள்ள போகாது."

"இப்பவே திருத்தி அனுப்பிடறேன் சார்."

"திருத்தினா புது மனு. பத்து நாள் ஆகும்."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எங்கள் மேனேஜர் மேலிடத்துக்கு ஆறு தடவை போன் போட்டார். ஒருவரும் எடுக்கவில்லை.

"திரும்பிடவா, ஐஸ் இல்லாம போயிடவா? இன்னும் மூணு மணி நேர வழிதான்," என்றார் அவசரம்.

பத்து நாள் எங்கே, இரண்டு நாள் எங்கே. மூன்று மணி நேரம் மருந்து தாங்கும் என்று நினைத்து, "போயிடுங்கண்ணே" என்றேன். சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

வழியில் ஒரு பாலத்துக்கு முன்னால் சண்டை மூண்டு, லாரியை மூன்று நாள் நிறுத்திவைத்துவிட்டார்கள். மூன்று நாளும் மண்டையைப் பிளக்கும் வெயில். நான் கிடங்கில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். வேறென்ன செய்ய?

நான்காம் நாள் மதியம் அக்கா கூப்பிட்டாள். இருந்த மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டு, அதுவும் காலையோடு தீர்ந்துவிட்டதாம்.

"வந்துருச்சுடி! பெட்டி மேல உன் கையெழுத்தைப் பாத்ததும் அழுதுட்டேன். ஆனா ஒண்ணு கேக்கணும். எப்பவும் தண்ணி மாதிரி தெளிவா இருக்குமே, இது பால் கலந்த மாதிரி கலங்கியிருக்கு. எல்லாக் குப்பியும் அப்படித்தான். இது வேற கம்பெனி மருந்தா?"

பக்கத்தில் நின்ற எங்கள் மருந்தாளுநர் ஸ்பீக்கரில் அதைக் கேட்டுவிட்டு, கூடாது என்று தலையை ஆட்டினார். வேறென்ன போடுவது என்று சைகையில் கேட்டேன். ஒன்றுமில்லை என்று கையை விரித்தார்.

"மருந்துக்காக இங்க இன்னும் பதினாலு பேர் நிக்கிறாங்க. என் தங்கச்சி அனுப்பினதுன்னு பெருமையா சொல்லி வச்சிருக்கேன். போட்டுக்கட்டுமா?"

"போடாதக்கா. அது கெட்டுப்போச்சு."

அக்கா, கடைக்காரரிடம் விலை குறைக்கச் சொல்லும் குரலில் மெதுவாகக் கேட்டாள்:

"முழுசா கெட்டுப்போச்சா, பாதிதான் கெட்டுப்போச்சா?"