தலைமையாசிரியர் பார்த்த வெங்காயம்

இன்னும் ஒரே ஒரு கண்ணாடி உடைந்தால் ஆய்வகத்துக்குப் பூட்டு. போன வாரம் ஒரு சோதனைக்குழாய் கைதவறி விழுந்ததற்குத் தலைமையாசிரியர் கொடுத்த தீர்ப்பு இது. "படத்தைப் போர்டுல வரைஞ்சு சொல்லிக்குடுங்க டீச்சர், அது போதும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். செய்து பார்க்காத அறிவியலை வைத்து என்ன, நாக்கு வழிப்பதா?

அதனால் இன்று ஒன்பதாம் வகுப்பை உள்ளே விடும்போதே மிரட்டித்தான் விட்டேன். வெங்காயத்தின் உள்தோலை மெல்ல உரித்து, ஸ்லைடு கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பரப்பி, மேலே கவர் ஸ்லிப் வைக்க வேண்டும். அது காகிதம் மாதிரி மெல்லிய கண்ணாடி. முறைத்துப் பார்த்தாலே உடைந்துவிடும்.

"மிஸ், செல் தெரியுது! உருண்டையா, சுத்திக் கருப்பா கோடு போட்டிருக்கு!" என்று கத்தினாள் அவசரக்குடுக்கை. வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். மூளை யோசிப்பதற்குள் வாய் பேசிவிடும்.

குனிந்து பார்த்தேன். "அது காத்துக் குமிழ்டி. கவர் ஸ்லிப்பைத் தொப்புன்னு போட்டா காத்து உள்ள மாட்டிக்கும். ஒரு ஓரத்தை முதல்ல வெச்சு மெதுவா சாய்க்கணும்."

"அப்ப இவ்வளவு நேரம் நான் காத்தையா மிஸ் வரைஞ்சேன்?"

வகுப்பே சிரித்தது. அவள் மறுபடி உரித்தாள். இந்த முறை செங்கல் அடுக்கியதுபோல் வரிசை வரிசையாகச் செல்கள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கே பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் தலைமையாசிரியர். அவர் கணக்கு வாத்தியார், ஆய்வகம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்.

"ஏதாவது உடைஞ்சுதா?"

"இல்லவே இல்ல சார். நீங்களே வந்து பாருங்க!" அவசரக்குடுக்கை அவரை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேவிட்டாள்.

ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். "ஒண்ணும் தெரியலையே. மங்கலா இருக்கு."

"பக்கத்துல இருக்கிற திருகைத் திருப்புங்க சார்" என்றாள்.

திருப்பினார். "அட... அடேயப்பா! இதெல்லாம் வெங்காயத்துக்குள்ளயா இருக்கு?" சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். ஆசை விடவில்லை. இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமாம். வைத்த கண்ணை எடுக்காமல் திருகிக்கொண்டே போனார். லென்ஸ் கீழே இறங்கிக்கொண்டே போனது. "சார், போதும்" என்று நான் வாயைத் திறப்பதற்குள், டக்.

கவர் ஸ்லிப்பில் குறுக்காக விரிசல். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவசரக்குடுக்கை தலையில் கைவைத்துக்கொண்டு அலறினாள். "ஐயோ சார்! என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? ஹெட்மாஸ்டருக்குத் தெரிஞ்சா லேப்பைப் பூட்டிடுவாரே!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரிசலைப் பார்த்தார்.

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். "நீ இன்னொரு தோல் உரி."