பதில் சொல்லாதவர்கள் கணக்கு

அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிக் கவிழ்த்த டம்ளரையே திரும்ப எடுத்துக் கழுவினாள். பக்கத்து அறையில் நாத்தனார் அலமாரியைத் திறப்பதும் சாத்துவதும் கேட்டது. திறக்கிறாள், சாத்துகிறாள், மறுபடி திறக்கிறாள். அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை போல.

இருவரும் ஒரே வீட்டில் இருந்து, ஒரே குளியலறைக் கதவை மாற்றி மாற்றித் தட்டி, ஒரே பேருந்தில் போய், ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறவர்கள். சமூகவியல், இரண்டாம் ஆண்டு. நாத்தனார் பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தவள். அண்ணி முப்பத்தாறு வயதில், மூக்குக்கண்ணாடிக் கடையில் காலை வேலையையும் விடாமல், அடம்பிடித்துச் சேர்ந்தவள். அப்படிப்பட்ட இரண்டு பேருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து ஆளுக்கொரு கடிதம். உங்கள் இருவரின் அசைன்மெண்டிலும் சில பகுதிகள் ஒத்துப்போகின்றன, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகச் சந்தேகம், விசாரணைக்கு வரவும். அதோடு விட்டார்களா? விசாரணை முடியும்வரை நீங்கள் இருவரும் இதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசக் கூடாதாம். எழுதின மகராசனுக்கு என்ன தெரியும்! இரண்டு பேரும் ஒரே சோப்பைத் தேய்த்துக் குளிக்கிறவர்கள் என்று அவர் கனவிலாவது நினைத்திருப்பாரா?

"வீட்டுக்குள்ள பேசினா யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் அண்ணியின் கணவன். ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் தங்கச்சி. பாவம், சாப்பிடும்போது தட்டை விட்டுத் தலை நிமிர்வதே இல்லை.

"எனக்குத் தெரியும்ங்க. அவங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"பேசலைன்னு சொல்லு."

"பேசிட்டு பேசலைன்னு சொல்லணுமா? இப்பவே திருட்டுப் பட்டம். அதுக்கு மேல பொய்யி வேறயா?"

அவன் மறுபடி தட்டுக்குள் குனிந்துகொண்டான். அவள் பிடிவாதம் அவனுக்குத் தெரியாததா என்ன.

பிடிவாதம் மட்டுமில்லை, பயமும்தான். முதல் வருஷத்தில் ஒரு கட்டுரையில் யாரோ எழுதிய நாலு வரியைப் போட்டுவிட்டு, எடுத்த இடத்தைக் குறிப்பிட மறந்துபோனாள். தெரியாமல் செய்தது என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். இது இரண்டாம் முறை. குற்றம் என்று ஆகிவிட்டால் ஒரு வருஷம் வெளியே. இருபது வயசுப் பெண்ணுக்கு ஒரு வருஷம் ஒன்றுமில்லை. அண்ணிக்கு அப்படியா? இந்த வயதில் படிப்பு நின்றால் நின்றதுதான். கடை முதலாளி முழு நேரத்துக்கு வா என்பார், வருஷம் ஓடிவிடும், புத்தகமெல்லாம் பரணுக்குப் போய்விடும்.

அவள் யாரையும் பார்த்து எழுதவில்லை. அது சத்தியம். அப்படியென்றால் மிச்சம் யார்? வீட்டில் எல்லோரும் "குட்டி, குட்டி" என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் அந்த நாத்தனார் மகராசிதானே? அசைன்மெண்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், அண்ணி கம்ப்யூட்டரைத் திறந்துபோட்டுவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். திரும்பி வந்தால் அதன் முன்னால் குட்டி நிற்கிறாள். "சார்ஜர் தேடுறேன் அண்ணி" என்றாள். அன்றைக்கு அது சார்ஜர். இப்போது யோசிக்க யோசிக்க அந்தச் சார்ஜர் பூதமாக வளர்ந்து நிற்கிறது.

அதற்கேற்ற மாதிரி குட்டியும் முகம் கொடுப்பதில்லை. எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறாள். ஒரு வார்த்தை? ஒரு பார்வை? ம்ஹூம். குற்றமுள்ள நெஞ்சு இல்லாமலா இப்படி வாயைத் தைத்துக்கொண்டு திரிகிறாள் என்று அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானும் அதேபோல்தான் வாயைத் தைத்துக்கொண்டு திரிகிறோம் என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை.

விசாரணை அன்று காலை, சமையலறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "டீ யாருக்கெல்லாம்?"

அந்த வீட்டில் இது ஒரு சட்டம். மாமியார் ஒரு தடவைதான் கேட்பாள். கத்தினவனுக்கு டீ உண்டு. வாயைத் திறக்காதவனுக்குக் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில், கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று கூச்சத்தோடு உட்கார்ந்திருந்து, அண்ணி ஒரு வாரம் டீயைக் கண்ணால் மட்டும் பார்த்தாள். கடைசியில் கண்ணைக் கசக்கியபோது, "பேசாம இருந்தா வேண்டாம்னுதானேம்மா அர்த்தம்? எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்று மாமியார் அசராமல் கேட்டாள். அதற்கப்புறம் அண்ணி தொண்டையைத் திறக்கப் பழகிக்கொண்டாள். அந்த வீட்டில் பிறந்த குட்டிக்குச் சொல்லவே வேண்டாம், தூக்கத்திலேயே "எனக்கு!" என்பாள்.

இன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. மாமியார் தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "கேட்டேன்ல? அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

பல்கலைக்கழகத்தில் அந்தத் தாழ்வாரத்து நாற்காலிகளைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் அண்ணி தன்னுடையதைத் தள்ளிக்கொண்டே வாசல்வரை போயிருப்பாள். அவள் ஒரு கோடி, குட்டி மறு கோடி. அண்ணி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி போய்த் தண்ணீர் குடித்தாள். குமாஸ்தா கதவைத் திறந்து முதலில் குட்டியைக் கூப்பிட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள்.

போடி போ, எல்லாத்தையும் என் தலையிலேயே கட்டிட்டு வா என்று அண்ணி மனசுக்குள் பொரிந்து தள்ளினாள். நேரம் நகரவே மாட்டேன் என்றது. குட்டி வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அண்ணியைக் கடந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

அடுத்து அண்ணியின் முறை. உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர், வயதான பேராசிரியர். அவர் மூக்குக்கண்ணாடியின் இடது காதுக்கம்பி வளைந்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கடை வேலை செய்கிற கை, அந்த நிலைமையிலும் அதை வாங்கி நிமிர்த்திக் கொடுக்கத் துறுதுறுத்தது. ஒரு பக்கம் பாடம் நடத்துகிற மேடம், இன்னொரு பக்கம் மாணவர் பிரதிநிதி.

"உக்காருங்கம்மா. பயப்படாதீங்க" என்றார் தலைவர். "உங்க நாத்தனார் ஒத்துக்கிட்டாங்க. உங்க கம்ப்யூட்டரைத் திறந்து, உங்களுக்குத் தெரியாம பாத்து எழுதினதாச் சொல்லிட்டாங்க. அவங்களுக்கு முதல் தடவைங்கறதால மார்க் போகும், ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். உங்க மேல ஒண்ணுமில்ல. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நீங்க கிளம்பலாம்."

அப்பாடா! அண்ணிக்கு உடம்பு முழுக்க லேசாகிவிட்டது. தப்பித்தோம். அடுத்த நொடியே, நினைச்சேன், பாவி, சார்ஜர் தேடினியா நீ என்று கொதித்தது. பேனாவை எடுத்துவிட்டாள். எடுத்தவள் சும்மா கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். சும்மா இருக்க முடிந்தால் அவள் இந்த வயதில் படிக்கவே வந்திருக்க மாட்டாளே!

"மேடம், அப்படி என்னதான் ஒண்ணா இருந்துச்சு? நானும் என்னோடதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். ஒண்ணும் தெரியல."

மேடம் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். "தெருவுக்கு ஒரு நூலகம் வேணுமான்னு நூறு பேர்கிட்ட கேட்ட கணக்கு. நாப்பது பேர் வேணும்னாங்க. இருபது பேர் வேண்டாம்னாங்க. மிச்ச நாப்பது பேர் பதிலே சொல்லல. நீங்க ரெண்டு பேருமே அறுபது பேர் வேண்டாம்னு சொன்னதா எழுதியிருக்கீங்க. அந்தத் தப்பை வகுப்புல வேற யாரும் பண்ணல."

"பதில் சொல்லலைன்னா வேண்டாம்னுதானே மேடம் அர்த்தம்?" என்றாள் அண்ணி, தன்னையறியாமல்.

"அது எப்படிங்க? கேள்வி புரியாம இருந்திருக்கலாம். சொல்லப் பயந்திருக்கலாம். வேற ஏதாவது கவலையில இருந்திருக்கலாம். அவங்க பேசலைங்கறது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும்."

கீழே, இரண்டு தாளிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே வரி. 'பதில் அளிக்காதவர்கள், விருப்பமில்லாதவர்களாகவே கொள்ளப்பட்டனர்.'

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வரி கம்ப்யூட்டரிலிருந்து போனதல்ல. அவள் வாயிலிருந்து போனது! ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். குட்டி தரையில் படுத்துக்கொண்டு கேட்டாள், "அண்ணி, இந்த பதில் சொல்லாத கூட்டத்தை என்ன பண்றது?" அண்ணி சிரித்தாள். "நம்ம வீட்ல என்ன பண்ணுவாங்க? டீ கிடையாது!" இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்புறம் அண்ணிதான் இஸ்திரிப் பெட்டியை நகர்த்தியபடியே அந்த வரியைப் பரீட்சைத் தமிழில் ராகம் போட்டுச் சொன்னாள். குட்டி எழுதிக்கொண்டாள். சிரிப்போடு சிரிப்பாக அது மறந்தே போயிற்று.

அப்படியானால் குட்டி திருடவில்லை. சார்ஜர், வெறும் சார்ஜர்தான். இத்தனை நாள் அந்தப் பெண்ணைத் திருடி என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாளே! அவளோ உள்ளே வந்து, செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அண்ணியைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாள். அண்ணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரம் வகுப்பு. போடாவிட்டால் பரண்.

"அவ பொய் சொல்றா ஐயா" என்றாள். பேனாவை மேசையில் வைத்தாள். "அவ எதையும் பாத்து எழுதல. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தப்பும் என்னோடது, வரியும் என்னோடது." டீ கதையையும் சொன்னாள். மாணவர் பிரதிநிதிக்குச் சிரிப்பு வந்து இருமலாக்கிக்கொண்டான். தலைவர் சிரிக்கவில்லை.

"யோசிச்சுப் பேசுங்கம்மா. பாடத்தைப் பத்திப் பேசிக்கறது தப்பில்ல. ஆனா தனித்தனியா செய்யணும்னு கொடுத்த அசைன்மெண்டைச் சேர்ந்து செஞ்சா, அது ரெண்டு பேர் மேலயும் குற்றம். நீங்க சொல்லிக் கொடுத்தது, நாங்க அசைன்மெண்ட் கொடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் அவளையே பார்த்தார். முன்னாடி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று அந்தச் சரிந்த கண்ணாடியே கெஞ்சுகிற மாதிரி இருந்தது. பொய் சொல்ல அண்ணிக்கு ஆசை இல்லாமலா இருந்தது? தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் குட்டி சொன்ன பொய்க்கு மேல் அவளும் ஒரு பொய் சொன்னால், குட்டி திருடவில்லை என்கிற உண்மையை அப்புறம் யார் நம்புவார்கள்?

"பின்னாடி" என்றாள்.

அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டு, இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டுச் சொன்னார்கள். குட்டிக்கு அந்த அசைன்மெண்டுக்குச் சைபர், ஒரு எச்சரிக்கை. திருட்டு என்று எதுவும் பதிவாகாது. அண்ணிக்கு இரண்டாம் முறை என்பதால் ஒரு வருஷம் வகுப்புக்கு வரக் கூடாது. அதற்கப்புறம் அவள் விரும்பினால் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் குட்டி வெடித்தாள். "உங்களுக்குப் பைத்தியமா அண்ணி? எனக்குப் போனா ஒரு மார்க்கு. உங்களுக்குப் போனா ஒரு வருஷம். நான் கூட்டிக் கழிச்சுப் பாத்துத்தானே போய்ச் சொன்னேன்? வாயை மூடிட்டு வந்திருக்கலாம்ல?"

"அந்த வரி தப்புன்னு உனக்குத் தோணவே இல்லையாடி? நீ ஒரு தடவை சரி பாத்திருக்கக் கூடாதா?"

"நீங்க சொன்னீங்க. அப்புறம் எதுக்கு நான் பாக்கணும்?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குட்டி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். சட்டென்று அவள் குரல் இறங்கியது.

"நான் திருடினேன்னு நினைச்சிருந்தீங்கல்ல?"

அண்ணி தரையைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுச் சட்டப்படி பேசலைன்னா இல்லைன்னு அர்த்தம்" என்றாள் குட்டி. "ஆனா உங்க மூஞ்சி ஆமாங்குது." சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள். பேருந்தில் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அண்ணி பின்சீட்டிலிருந்து அவள் பின்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இப்போது பேசக் கூடாது என்று சொல்ல ஒருவரும் இல்லை. பேசத்தான் வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குட்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணி பையைக்கூட இறக்காமல் கூடத்தில் அங்கும் இங்கும் நடந்தாள். கணவன் என்னாச்சு என்று கேட்டான். "ஒரு வருஷம்" என்றாள். அவன் அவள் தோளிலிருந்து பையை வாங்கி வைத்தான்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "டீ யாருக்கெல்லாம்?"

"எனக்கு" என்றான் அவன். "எனக்கு அத்தை" என்றாள் அண்ணி. சாத்திய கதவுக்குப் பின்னால் சத்தமில்லை. அடுப்பைப் பற்றவைக்கிற ஓசை கேட்டது.

அண்ணி சமையலறைக்குப் போனாள். "குட்டிக்கும் சேர்த்துப் போடுங்க அத்தை."

"அவ கேக்கலையே?"

"கேக்கலதான். வேண்டாம்னும் சொல்லலையே. நான் எடுத்துட்டுப் போய்க் கேக்கறேன்."

மாமியார் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் பாத்திரத்தில் இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள்.