ஆறு ஜன்னல்கள்

கைப்பையை அவள் வைத்த வேகத்தில் செயலாளரின் பேனா மேசையிலிருந்து உருண்டு விழுந்தது. எடுக்க அவர் குனியவில்லை. குனிந்து நிமிர்வதற்குள் இந்த அம்மாள் மண்டபத்தையே எழுதி வாங்கிவிடுவாள் என்று பயந்திருக்கலாம்.

"எங்கண்ணன ஒரு மணி நேரம் இந்த ஹால்ல வச்சா என்ன குடி முழுகிடும்?"

"நானாக்கா வேணாங்கறேன்? போர்டப் பாருங்க."

சுவரில் பச்சை போர்டு. ஒன்பதாவது விதி: மண்டபத்தில் சவம் வைக்க அனுமதி இல்லை. எழுத்துகள் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தன. அவளுடைய பள்ளி நோட்டு அட்டைகளில் பெயர் எழுதிக் கொடுத்ததும் அதே கைதான். அந்தக் கைக்குச் சொந்தக்காரனான அண்ணன் இன்று காலை செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டான்.

இந்த மண்டபம் ஒரு காலத்தில் ராணுவத்தின் ஆயுதக் கிடங்கு. அண்ணன் அங்கே துப்பாக்கி பழுதுபார்ப்பவன். சண்டை நடந்த இரண்டு வருஷமும் துப்பாக்கியைத் துடைத்துக் கையில் கொடுத்து அனுப்பியவன் அவன். வாங்கிப் போனவர்களில் பலர் பெட்டிகளில் திரும்பி வந்து இதே தரையில் வரிசையாகக் கிடந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் இங்கே வந்துதான் அழுதார்கள்.

ராணுவம் காலி செய்துகொண்டு போனதும், இடித்துக் கடை கட்ட நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிலர் அலைந்தார்கள். அண்ணன் விடவில்லை. மனுமேல் மனுவாக எழுதி, செருப்புத் தேயப் படியேறி, பதினோரு வருஷத்தில் ஊர் மக்களுக்கென்று அதை வாங்கிவிட்டான். சாவி கைக்கு வந்த அன்றே கடப்பாரையைத் தூக்கினான். ஆயுதக் கிடங்குக்கு ஏது ஜன்னல்? இரண்டடிக் கனச் சுவரை ஆறு இடத்தில் உடைத்துக் காற்றை உள்ளே விட்டான். துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்த மரச்சட்டத்தில் இப்போது குடைகளும் பேட்டுகளும் நிற்கின்றன.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "கமிட்டில எல்லார்கிட்டயும் போன்ல பேசிட்டேன்கா. அவருக்காக இந்த ஒரு தடவ விதியத் தள்ளி வச்சிடலாம்கறாங்க. நீங்க சரின்னா டேபிள் டென்னிஸ் மேசைய இப்பவே மடிச்சிடறேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் கண் போர்டைவிட்டு நகரவில்லை. அதை அவன் எழுதிய அன்று பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

"ஏண்ணே, இப்படி ஒரு சட்டமா?"

"இந்தக் கூரை அழுக சத்தத்த நெறையக் கேட்டாச்சு. போதும்."

"நாளைக்கு உனக்கே ஒண்ணு ஆனா?"

"எனக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு?" என்று சிரித்துவிட்டு ஒன்பதுக்குச் சுழி போட்டான்.

அவள் குனிந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். அழுகை முட்டியது. அதற்கு மேலே பெருமை முட்டியது.

"மேசைய மடிக்காதீங்க. வண்டி வாசல்ல ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போகட்டும்."

மதியம் வண்டி மண்டபத்து வாசலில் நின்றபோது தெருவின் இரண்டு பக்கமும் ஜனம். அண்ணனின் தலைமாட்டில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அவள் தலை கவிழ்ந்திருந்தது.

உள்ளே டக் டக்கென்று கேட்டுக்கொண்டிருந்த பந்துச் சத்தம் சட்டென்று நின்றது. பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித்தரும் பயிற்சியாளர் திறந்திருந்த ஜன்னலுக்கு வந்து, நிறுத்திவிடட்டுமா என்று கையால் கேட்டார். தங்கை வேண்டாமென்று தலையாட்டினாள். பந்து தயங்கித் தயங்கித் திரும்பவும் துள்ளியது.

அண்ணி நிமிர்ந்தாள்.

"ஒரு ஜன்னல்தானே தெறந்திருக்கு. மத்த அஞ்சையும் தெறக்கச் சொல்லு."

ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஆறாவது இறுகிப் போயிருந்தது. உள்ளேயிருந்து யாரோ அதைத் தோளால் இடிக்கும் சத்தம் கேட்டது. வண்டிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.