ராஹில் போட்ட கையெழுத்து

என் வீட்டுக்காரர் பிச்சைக்குப் பயம் வந்துவிட்டால் வீட்டில் ஒருத்தருக்கும் நிம்மதி கிடையாது. காகிதமில்லாத வெளிநாட்டுக்காரனை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு அபராதம், கடைக்கு சீல் என்று தாராவி முழுக்கப் பேச்சு. தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. எங்கள் முறுக்குப் பட்டறைக்குப் பூட்டு விழுந்தால் நாங்கள் நடுத்தெருதான்.

"ஏலே ராஹில், கார்டு கொண்டாந்தாத்தான் அடுப்புப் பக்கம் வரணும்!" என்றார். ராஹில் உத்தரப்பிரதேசத்துக்காரன். பதினோரு வருஷமாக எங்கள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவன்.

"உங்களுக்குக் கூறு இருக்கா? அவன் கல்யாணத்துக்கு அவன் ஊருக்கே நாம ரயிலேறிப் போயிட்டு வரலியா?" என்றேன் நான்.

"கல்யாணப் பத்திரிகைய ஆபீசர் ஒத்துக்கிடுவானா, கனகு?"

ராஹில் முகம் தொங்கிப்போயிற்று. மறுநாள் ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சர்டிபிகேட், தடுப்பூசிச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டினான். கல்யாணப் பத்திரிகையும் இருந்தது.

மூன்றாம் நாள் ஆபீசர் வந்தார். வேலைக்காரர்கள் அத்தனை பேர் கார்டையும் பார்த்து "டீக் ஹை", எல்லாம் சரி என்றார். அப்படியே போயிருக்கலாம். கிழிந்த பனியனும் தலையெல்லாம் மாவுமாக முறுக்கு அச்சை அமுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் கையை நீட்டினார். "தும்ஹாரா?" என்று இவர் கார்டைக் கேட்டார்.

எங்கள் இருவர் கார்டும் திசையன்விளையில், கொழுந்தன் வீட்டு டிரங்குப்பெட்டியில்! ஒரு மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததிலிருந்து, பத்திரமாக இருக்கட்டுமென்று இந்த மகராசன் எல்லாவற்றையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்.

"சாப், மே மாலிக்..." என்று, தான்தான் முதலாளி என்பதை உளறினார்.

"காகிதமில்லாத ஆள் தன்னையே வேலைக்கு வைத்திருக்கிறானா?" என்று இந்தியில் கேட்டார் ஆபீசர். கார்டு உள்ளவன் எவனாவது இவரைத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தால் நாலு நாள் தவணை, இல்லையென்றால் இப்போதே சீல் என்றார்.

ராஹில் கரண்டியை வைத்துவிட்டு என் வீட்டுக்காரரையே பார்த்தான். பிறகு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான்.

"அப்னா ஆத்மி ஹை, சாப்", நம்ம ஆள்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் விடிந்ததும் என் வீட்டுக்காரர் தெம்பாக மாவுச் சட்டியை நோக்கி நடந்தார். ராஹில் கரண்டியைக் குறுக்கே நீட்டினான்.

"அண்ணாச்சி, கார்டு கொண்டாந்தாத்தான் அடுப்புப் பக்கம் வரணும்."

அவர் பரிதாபமாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் சொல்லுததுதானங்க சட்டம்" என்று, என் கார்டைப் பற்றி மூச்சு விடாமல் நானே அச்சை எடுத்துக்கொண்டேன்.